நகம் பட்ட புடலங்காய்

சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் பிளாக்குக்குப் பக்கத்து அடுக்குமாடிக் கார்பார்க்கின் உச்சியில் கார்கள் நிற்பதில்லை. அங்கே கத்தரியும் வெண்டையும் வாசனைக்குப் போடுகிற பண்டான் இலையும் நிற்கின்றன. இடுப்புயரச் சிமெண்டுத் தொட்டிகளில் மண் நிரப்பி, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாத்திகள் கொஞ்சம், ஆசைப்படுகிற வீடுகள் நிறைய. அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பாத்திகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு குலுக்கல் போடுவார்கள். பெயர் வந்தால் உண்டு. வராவிட்டால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டியதுதான்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. குலுக்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டக்குழு ஒரு போட்டி வைக்கும். யாருடைய காய் மிக நீளமோ, அவர் பெயர் குலுக்கலுக்குள் போகாது. பாத்தி மறுபடியும் அவருக்கே. எடையான காய், அழகான காய் என்றெல்லாம் இல்லாமல் ஏன் நீளம்? எனக்கு இந்த மாதிரிக் கேள்விகள் வந்தால் தூக்கம் வராது. குழுவை நடத்துகிற அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை. எல்லோரும் அவரை 'சிகு' என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். "தராசு இல்ல, டேப் இருக்கு" என்றார் சிகு. அவ்வளவுதான் காரணம்.

எனக்கு அந்தப் பாத்தி வேண்டும். வேண்டும் என்றால், சும்மா பொழுதுபோக்குக்கு அல்ல. சைனாடவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சாயங்காலம் பிடோக்கில் ரயிலைவிட்டு இறங்கினால், கைப்பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராகக் கார்பார்க்கின் உச்சிக்குப் போய்விடுவேன். காலையில் மொட்டாக இருந்தது இப்போது என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தாகவேண்டும். பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கிற எங்கள் வீட்டில் தானாக மாறிக்கொண்டே வருகிற பொருள் வேறு எதுவும் கிடையாது, என் வீட்டுக்காரரின் வழுக்கையைத் தவிர.

குலுக்கலை நம்பவும் முடியாது. எனக்கும் குலுக்கலுக்கும் ஆகவே ஆகாது. இந்த அரசாங்க வீடே பலமுறை குலுக்கலில் பெயர் போட்டு, விட்டுவிடலாம் என்று நினைத்தபோதுதான் கிடைத்தது. கடை விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கல் நடந்தால், என் மேசையில் என்னைத் தவிர எல்லோரும் ரைஸ் குக்கரோடு வீட்டுக்குப் போவார்கள். பாத்தி முதல் தடவை எப்படி எனக்குக் கிடைத்தது என்பதே புரியவில்லை. இரண்டாம் தடவை கிடைக்காது என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆகவே ஜெயித்தே தீரவேண்டும்.

ஜெயிக்கவிடாமல் குறுக்கே நின்றவர் பக்கத்துப் பாத்திச் சீனத் தாத்தா. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எப்போதும் அரைக்கால் சட்டை, வாயில் பல்குத்தும் குச்சி. போன போட்டியில் அவருடைய பீர்க்கங்காய்தான் முதல் பரிசு. நம் வரிவரியான பீர்க்கு இல்லை, வழவழவென்று தொடை கனத்துக்கு இருக்குமே, அந்த வகை. அவருக்கும் எனக்கும் பேச்சு குறைவு. அவருக்குத் தெரிந்தது கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய். அவர் சொன்னதை இங்கே தமிழில் சொல்கிறேன், பேச்சின் முடிவில் இந்த ஊர்க்காரர்கள் ஒட்டுகிற 'லா' மட்டும் அவருடையது. மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். ஆனால் அவர் பாத்தியை நான் பார்த்ததெல்லாம் ஓரக்கண்ணால், காய் எவ்வளவு நீளம் என்று அளக்கத்தான். அந்தக் காயை அவர் என்ன செய்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஊரிலுள்ள எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற எனக்கு இது மட்டும் ஏன் தோன்றவில்லை என்பது பிறகுதான் ஆச்சரியமாக இருந்தது.

பீர்க்கங்காயை நீளத்தில் தோற்கடிக்க வேண்டுமென்றால் புடலங்காய்தான். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் விதை வாங்கிவந்து ஊன்றினேன். முளைத்தது, ஏறியது, பந்தல் முழுக்கப் படர்ந்தது. புடலம்பூவை நான் அதுவரை பார்த்ததில்லை. பொழுது சாயும்போது விரிகிறது, வெள்ளை நூலால் பின்னிய குஞ்சம் மாதிரி. இவ்வளவு அலங்காரம் எந்தப் பூச்சிக்காக என்று பார்க்க, இரண்டு மூன்று நாள் இருட்டும்வரை நின்றேன். கொசுதான் வந்தது, அதுவும் எனக்காக.

பிஞ்சு விட்டதும் அடுத்த கவலை. புடலங்காயின் நுனியில் கல் கட்டினால்தான் நேராக இறங்கும். இல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்குச் சுருண்டுகொள்ளும். இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான், ஆனால் சிங்கப்பூரில் ஒரு கல்லைத் தேடிப் பாருங்கள். சிமெண்டு இருக்கிறது, ஓடு இருக்கிறது, புல் இருக்கிறது. சும்மா கீழே கிடக்கிற கல் மட்டும் இல்லை. காண்டோ என்கிற பணக்காரக் குடியிருப்புகளின் வாசலில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருப்பார்கள், அதன் தலைக்கு நேரே கேமராவும் இருக்கும். ஒரு வாரம் தரையைப் பார்த்தபடியே நடந்தேன். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து ரயில் நிலையத்தில் ஒருவர் உதவிக்கே வந்துவிட்டார்.

கடைசியில் லிட்டில் இந்தியாவில்தான் கிடைத்தது. ஒரு சந்தில் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த தொழிலாளியைக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒரு சின்னக் கல்லு எடுத்துக் குடுப்பீங்களா?"

"எதுக்குக்கா?"

"புடலங்காய்க்குக் கட்ட."

அவர் முகம் அப்படியே விரிந்துவிட்டது. "இங்க புடலங்கா காய்க்குதா?" என்று கேட்டுவிட்டு, பள்ளத்துக்குள் இருந்த இன்னொருவரையும் கூப்பிட்டார். இருவரும் ஒவ்வொரு கல்லாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். இது கனம், அது உருண்டை, நூல் நிக்காது என்று அவர்களுக்குள் ஒரே வாதம். எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது என்பதை அவர்கள் இருவரும் பொருட்படுத்தவில்லை, நானும்தான். இரண்டு கல் கொடுத்தார்கள். பூக்கடையில் கொஞ்சம் வாழைநார் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சீனத் தாத்தா கல்லைப் பார்த்துவிட்டார். பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"அது என்ன? கும்பிடறதுக்கா?"

தொழில் ரகசியத்தைப் போட்டியாளரிடம் சொல்வார்களா? "ஆமா அங்கிள், சாமிக்கு" என்றேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டார்.

பந்தலில் இரண்டு காய் தொங்கின. முன்னால் இருந்தது நல்ல வாளிப்பான காய், போட்டிக்கு. பின்னால் இருந்தது சிறுசு, சமையலுக்கு. போட்டிக் காய்க்குத் தமிழ்ப் பேப்பரைக் குழாயாகச் சுருட்டிச் சட்டை போட்டேன். பழ ஈ குத்தாமல் இருக்க என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் ஈயைவிட மனிதர் கண்ணுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். காய் மளமளவென்று இறங்கியது. ஒரு முழம் தாண்டியது, ஒன்றரையைத் தொட்டது, இன்னும் இறங்கியது.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு சங்கடம் ஆரம்பித்தது. பேப்பரை மேலே தூக்கிப் பார்த்தால் காய் இளம்பச்சையில் வெள்ளைக் கோடு ஓட, தொட்டால் விரல் லேசாக அமுங்க, பறி பறி என்கிறது. இந்தப் பதத்தில் பறித்தால் கூட்டு. விட்டால் நீளம். இன்னும் பத்து நாள் விட்டால் இன்னும் ஒரு சாண் கூடலாம், ஆனால் அதற்குள் நார் விழுந்து, விதை கெட்டிப்பட்டு, மாட்டுக்குக்கூட ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு காயைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக மோசமான சொல் 'முத்திப்போச்சு'. அழுகினால்கூடப் பரவாயில்லை, அது அதன் விதி. முத்திப்போனால் அது நம்முடைய கவனக்குறைவு. தெரிந்தே ஒரு நல்ல காயை முத்தவிடுவதற்காக நான் தினமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. பாத்தி வேண்டுமே என்று மனசைத் தேற்றிக்கொண்டு பேப்பரைக் கீழே இழுத்துவிடுவேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜோகூரிலிருந்து நாத்தனார் வந்தார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் சமையல் என் வீட்டுக்காரருடையதுதான். ஓய்வுபெற்றதிலிருந்து அடுப்படியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டுவிட்டார், நானும் பெரிதாகச் சண்டை போடவில்லை. சாயங்காலம் மழை, அதனால் அன்று மட்டும் தோட்டத்துக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தேன். நல்ல பசி. சோறு, ரசம், அப்பளம், பாசிப்பருப்புப் போட்டுப் புடலங்காய்க் கூட்டு.

ஒரு வாய் வைத்ததும் சொன்னேன், "என்னங்க, காய் என்ன பிஞ்சு! தேக்காவுலயா வாங்குனீங்க? இப்படிக் காய் நான் சாப்பிட்டு எவ்வளவோ நாளாச்சு."

அவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். கலங்கியிருந்த ரசத்தையே மறுபடி மறுபடி கலக்கினார். நாத்தனார்தான் பெருமையாகச் சொன்னார், "எதுக்கு வாங்கணும்? தம்பி கார்பார்க் மேல போய் உங்க தோட்டத்துலேர்ந்தே பறிச்சிட்டு வந்தான்."

"எந்தக் காய்?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. பின்னால் இருந்த சிறுசில் இத்தனை கூட்டு வராது.

"பின்னால இருந்ததத்தான் பறிக்கப் போனேன்மா" என்றார் அவர், கரண்டியை விடாமல். "அதுல ஈ குத்தியிருந்துச்சு. கோணிப்போச்சு. சரி, இது எப்படி இருக்குன்னு பேப்பரத் தூக்கிப் பாத்தேன்."

"பாத்தா பாத்துட்டு வரவேண்டியதுதானே?"

"நகம் வெச்சுப் பாத்தேன்."

அதற்குமேல் அவர் விளக்கவேண்டிய அவசியம் இல்லை. நம் ஆட்களைச் சந்தையில் கவனித்திருக்கிறீர்களா? வெண்டைக்காயின் வாலை ஒடிப்போம், சுரைக்காயில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவோம். சீனக் கடைக்காரர்கள் கத்துவார்கள், எழுதியும் ஒட்டிவைப்பார்கள், இருந்தும் கை தானாகப் போகும். அவர் கையும் போயிருக்கிறது. நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியிருக்கிறது. நகம் பட்ட இடம் மறுநாள் கறுக்கும், அப்புறம் அந்தக் காய் நிற்காது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டா முத்திரும்மா. நல்ல காய்மா. என்னால முடியல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சாப்பிட்டேன். நாத்தனார் எதிரில் உட்கார்ந்திருந்தார் என்பது ஒரு காரணம். கூட்டு அவ்வளவு நன்றாக இருந்தது என்பது அடுத்தது. வயிறு ஒருபக்கம் எரிய, நாக்கு ஒருபக்கம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றது. போட்டுக்கொண்டேன். மறுநாள் நாத்தனார் கிளம்பியதிலிருந்து என் வீட்டுக்காரரிடம் "ம்", "சரி", "வேணாம்" தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் நான் பேசாததை மதித்து நடந்துகொண்டார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

போட்டி நாள் வந்தது. பெயர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. ஈ குத்திக் கோணிப்போன அந்தச் சிறுசைப் பறித்து, துடைத்து, கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் கை நீளத்துக்குப் பயத்தங்காய்கள், மறுபக்கம் சீனத் தாத்தாவின் பீர்க்கங்காய், நடுவில் என்னுடையது. சிகு அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிச்சிருங்க சிகு" என்றேன். சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு அவர் டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். "நீங்க பிடிங்க. இங்க ஜெயிக்கவே வாய்ப்பில்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான். உங்களை யாரும் சந்தேகப்படமாட்டாங்க லா."

இப்படித்தான் நான் டேப் பிடிக்கிறவள் ஆனேன். ஒவ்வொரு காயாகப் போகவேண்டும், காம்புப் பக்கம் நான் பிடிக்கவேண்டும், நுனிப் பக்கம் சிகு படிப்பார். காம்பைப் பிடித்தால் காயைத் தொடாமல் முடியுமா? தொட்டால் கேட்காமல் முடியுமா? இது ஏன் இப்படிச் சொரசொரப்பாக இருக்கிறது, இதற்கு என்ன உரம், முட்டை ஓடா, மீன் கழுவிய தண்ணீரா, இதை நீங்கள் வதக்குவீர்களா வேகவைப்பீர்களா? மூன்று வருடம் இவர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறேன். ஒருவரிடமும் இதையெல்லாம் கேட்டதில்லை. ஒரு சீன அம்மா கைப்பிடி அளவு சர்க்கரைவள்ளிக் கொழுந்தைக் காட்டி, கிழங்கை விட்டுவிட்டுக் கொழுந்தைத்தான் சாப்பிடுவோம் என்றார். நான் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தேன். சிகு இரண்டு முறை டேப்பை இழுத்து என்னை நகர்த்தவேண்டியிருந்தது.

சீனத் தாத்தாவின் பீர்க்கங்காய்க்கு வந்தோம். நுனியில் சணலால் ஏதோ கட்டியிருந்த தழும்பு. மேசைக்கு அடியில் ஒரு பழைய சாவிக்கொத்து கிடந்தது.

"அங்கிள், இது என்ன?"

"சாமிக்கு லா" என்றார் அவர், முகத்தில் ஒரு அசைவு இல்லாமல்.

எனக்கு வெட்கம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம். அப்போதுதான் கேட்டேன், இவ்வளவு பெரிய காயை வைத்து என்ன செய்வீர்கள், சூப்பா என்று. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சூப்புக்கெல்லாம் சின்னது போதும். இதைக் கொடியிலேயே காயவிடவேண்டும். தோல் பழுத்துக் காய்ந்து உரிந்தபிறகு உள்ளே இருக்கிற கூடுதான் அவருக்கு வேண்டியது, முதுகு தேய்க்க, பாத்திரம் தேய்க்க. இந்தப் போட்டிக்காகத்தான் பச்சையாகப் பறித்திருக்கிறார், அதில் அவருக்கும் வருத்தம்தான். பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நான் முத்திவிடுமே என்று தவித்துக்கொண்டிருந்தபோது, அவர் எப்போது முத்தும் என்று காத்திருந்திருக்கிறார்.

கடைசியில் போட்டி அவருக்கும் ஒரு இளம் ஜோடிக்கும் இடையில் வந்து நின்றது. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவர்களுடைய பயத்தங்காய் ஒன்று கம்பிபோல நேராக இருந்தது. தாத்தாவின் பீர்க்கங்காய் சாவிக்கொத்தையும் மீறிக் கழுத்தில் லேசாக வளைந்திருந்தது. டேப்பை நேராகப் பிடித்தால் பயத்தங்காய் ஒரு விரல்கடை கூட. வளைவோடு வைத்தால் பீர்க்கங்காய் கூட.

"நீளம்னா இந்த முனையிலேர்ந்து அந்த முனை. நேராத்தான் அளக்கணும்" என்றார் கணவர்.

என் வாய் சும்மா இருக்குமா? "தம்பி, தேக்காவுல பூ வாங்கியிருக்கீங்களா? சரம் வளைஞ்சு கிடக்குதுன்னு பூக்காரர் முழத்தைக் குறைச்சா ஒத்துக்குவீங்களா? வளைஞ்சாலும் அது வளர்ந்த வளர்த்தி தானே?"

"அதானே" என்று அவருடைய மனைவியே சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் தன் காய்க்கு எதிராகச் சொன்னது அவருக்குத் தெரிந்தது. "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம், அவர் கணவரைத் தவிர. நான் விடவில்லை. குரலை உயர்த்தி, மலாயில் பாதி ஆங்கிலத்தில் பாதி, என் பாத்திக்காகப் பேசுவதைவிட வேகமாகப் பேசினேன். சிகு ராஃபியா கயிற்றை எடுத்துவந்தார். கயிற்றை இரண்டு காய்மேலும் வளைவோடு ஓட்டி, பிறகு டேப்பில் வைத்துப் பார்த்தார். பீர்க்கங்காய்தான் நீளம். தாத்தாவின் பாத்தி தாத்தாவுக்கே.

நான்தான் முதலில் கை தட்டினேன். மூன்று வருடமாக யாரைத் தோற்கடிக்கவேண்டும் என்று நினைத்தேனோ, அவருக்காக என் தொண்டை கட்டிப்போயிருந்தது. எனக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று ஆனபிறகு இத்தனை அக்கறை எங்கிருந்து வந்தது? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன், பிடிபடவில்லை. ஆனால் அன்றைக்கு மாதிரி நான் அந்தத் தோட்டத்தில் ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்து, பாதியில்தான் அவரோடு பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. கதை நல்ல இடத்தில் இருந்ததால் நிறுத்த மனசில்லை.

அந்தச் சந்தோஷம் குலுக்கல்வரைக்கும்தான். இரண்டு வாரம் கழித்துச் சிகு பெயர்களை எடுத்தார். என் பெயர் வரவில்லை. வராது என்று தெரிந்துதானே இருந்தது, இருந்தும் கடைசிச் சீட்டுவரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன். என் பாத்தி அந்தக் கோயம்புத்தூர் ஜோடிக்குப் போனது. கூட்டத்தில் நன்றாகத்தான் நின்றேன், இருவர் கையையும் பிடித்து வாழ்த்தினேன். லிஃப்டில் தனியாக ஏறியதும் அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு மாடிக்குள் முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கதவைத் திறந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "நான் நகம் வெச்சிருக்கக்கூடாது" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு இருவரும் ரொட்டி தின்றுவிட்டுப் படுத்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாத்தியைக் காலிசெய்து கொடுக்கவேண்டும். கொத்து, மண்வெட்டி, பூவாளி, பந்தல் கம்பிகள் எல்லாவற்றையும் கொண்டுவர நான் மட்டும் போகிறேன் என்றேன். அவரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அங்கே நின்று அழுதால் அவர் பார்க்கவேண்டாம் என்று நினைத்தேன். பெரிய பை ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரும் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று வெயில் ஏறுமுன்னே போனேன்.

சீனத் தாத்தா எனக்கும் முன்னால் வந்திருந்தார். வா வா என்று கையாட்டினார். போன வருடத்துப் பீர்க்கங்கூடு ஒன்றைக் காட்டி உரிக்கச் சொன்னார். தோலை நொறுக்கினால் சடசடவென்று உடைகிறது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் கறுப்பு விதை மழைபோலக் கொட்டுகிறது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன், எவ்வளவு விதைதான் இருக்கும் அதற்குள்? அதற்குள் சிகு வந்து, தன் வெண்டைச் செடியில் இலையெல்லாம் சுருண்டுவிட்டது என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். இருவரும் குனிந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். என்ன பூச்சி என்று அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் இருவர் சொன்னதும் தப்பு. கோயம்புத்தூர் ஜோடி வந்தது. "அக்கா, கறிவேப்பிலையை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்று அந்தப் பெண் கெஞ்ச, அதை எப்படிக் கிள்ளினால் தழைக்கும் என்று காட்ட நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பந்தல் கம்பியை இன்னும் உயரமாகக் கட்டினால் என்ன என்று அந்தத் தம்பி கேட்டார். கட்டிப் பார்ப்போமே என்றேன். கட்டினோம், சாய்ந்தது, மறுபடி கட்டினோம். தாத்தா அந்தப் பக்கத்திலிருந்து, "இடது, இடது லா" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பசி உயிர் போனது. முகமெல்லாம் மண், தலையெல்லாம் பீர்க்கந்தோல். கையில் சிகு கொடுத்த நாலு வெண்டைக்காய். தாத்தா விஷயம், வெண்டை விஷயம், பந்தல் சாய்ந்த விஷயம் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்தேன். சாமான்களை இறக்கிவைப்பதற்காக வாசலில் பழைய பேப்பரை விரித்துப்போட்டுக் காத்திருந்தார் என் வீட்டுக்காரர்.

நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சாமானெல்லாம் எங்கம்மா?"

நானும் திரும்பிப் பார்த்தேன். கொத்து இல்லை, மண்வெட்டி இல்லை, கொண்டுபோன பைகூட இல்லை. மேலே எனக்கு இனிமேல் பாத்தி இல்லை என்பது, காலையிலிருந்து அந்த நிமிடம்வரை எனக்கு நினைப்பிலேயே இல்லை.